வஞ்சிரத்துக்கு அலங்காரம்

வஞ்சிரத்தின் வாயில் எலுமிச்சம்பழம் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பிரேம்குமார் விடவில்லை. திணிப்பதும், அது உருண்டு ஓடுவதும், குனிந்து தேடுவதுமாக இருந்தான். சனிக்கிழமை காலையில் கடை திறந்து வெகுநேரம் ஆகியும் ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை. மீன்கடைக்குள் ஈ வராதது சுத்தத்துக்குப் பெருமைதான். வியாபாரத்துக்கு என்ன பெருமை?

"பழத்தக் கடிச்சிக்கிட்டு அது என்னா பண்ணணும்?" என்றாள் கல்லாவில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஹேமலதா.

"டிஸ்ப்ளே, ஹேமா. ரோட்டுல போறவன் கண்ணு மொதல்ல ஒரு எடத்துல வந்து நிக்கணும். வீடியோவுல அப்படித்தான் சொல்றாங்க."

"கண்ணு நிக்குது. காலு நிக்கலியே."

அதுதான் வயிற்றெரிச்சல். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இவ்வளவு அழகான மீன்கடை வேறு இல்லை. வெள்ளை டைல்ஸ், கண்ணாடிப் பெட்டி, மேலே வரிசையாக மஞ்சள் விளக்குகள். மீனிலும் குறை சொல்ல முடியாது. வைத்திக்குப்பத்தில் அவன் அண்ணன் வெற்றிவேலின் படகு கரைக்கு வந்ததும் மீன் நேராக இங்கேதான் வரும். இருந்தும் தினமும் பாதிக்கு மேல் மிஞ்சிப்போய், வீட்டில் மூன்று வேளையும் மீன் குழம்பு.

ஹேமலதா கெடு வைத்துவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் மீன் மிஞ்சினால், திங்கட்கிழமை முதல் தட்டாஞ்சாவடியில் அவளுடைய அண்ணன் அன்பழகன் நடத்தும் பாட்டில் மூடி கம்பெனியில் பிரேம்குமார் சூப்பர்வைசர். அன்பழகன் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டான். நின்ற இடத்தில் நிற்காத, உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற பிரேம்குமாருக்கு அந்த நாற்காலி ஜெயில்தான்.

இதில் எதிர்ச்சாரிக் காட்சி வேறு. பூட்டிக் கிடந்த சைக்கிள் கடை வாசலில், கிழிந்த குடைக்குக் கீழே, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள் தையல்நாயகி. முன்னால் நசுங்கிய அலுமினியப் பேசினில் மீன். விளக்கு இல்லை, போர்டு இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. ஆனால் அவளைச் சுற்றி எப்போதும் ரேஷன் கடைக் கூட்டம்.

துணிப்பையோடு வந்தார் தேவதாஸ். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். தினமும் இந்தக் கடையை நின்று ரசித்துவிட்டு அந்தப் பக்கம் போய் மீன் வாங்குகிறவர்.

"போன்ழூர் முசியே! கடையா இது? நகைக்கடை தோத்துது போ."

"உள்ள வாங்க சார். வஞ்சிரம் பாருங்க."

தேவதாஸ் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "பழத்த எதுக்குப்பா சொருவி வச்சிருக்க? நாத்தம் தெரியாம இருக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரோட்டைக் கடந்தார்.

எலுமிச்சம்பழம் போயிற்று. அடுத்து வந்த அம்மாள், "என்னா தம்பி, மீனுக்கெல்லாம் காமாலையா? மஞ்ச மஞ்சளேன்னு கெடக்கு" என்றாள். பிரேம்குமார் ஏணி போட்டு ஏறி மஞ்சள் விளக்குகளைக் கழற்றி நீல விளக்குகளைப் பொருத்தினான். அதற்கடுத்து வந்தவள், "இதென்னா ஆஸ்பத்திரி வெளக்கு? மருந்து கிருந்து போட்டு வச்சிருக்கியா?" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனாள்.

விளக்கே வேண்டாம், இயற்கை வெளிச்சம்தான் பெஸ்ட் என்று இன்னொரு வீடியோ சொன்னது. வாசலில் மேசை போட்டான். கட்டம்போட்ட துணி விரித்தான். கரும்பலகையில் மீன்களின் பெயரைப் பிரெஞ்சில் எழுதி, பக்கத்தில் ஒரு பூந்தொட்டியையும் வைத்தான். தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது.

மீன் எடுக்க உள்ளே போய்விட்டுத் திரும்பினால், பெங்களூரிலிருந்து வந்த ஜோடி ஒன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. இறால் வறுவலும் ஃப்ரெஷ் லைம் சோடாவும் கேட்டது. இது ஹோட்டல் இல்லை, பச்சை மீன் கடை என்று புரியவைப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வஞ்சிரத்தைக் குழந்தைபோல் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, பத்திரமாக அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"சோடாவாச்சும் வித்திருக்கலாம்" என்றாள் ஹேமலதா.

பிரேம்குமார் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தான். பிறகு பொறுக்க முடியாமல், கொத்தமல்லி வாங்கப் போகிறவன்போல எதிர்ச்சாரிக்குப் போய்க் கூட்டத்துக்குள் தலையை நுழைத்தான். தையல்நாயகி பேசினில் மீன்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஒரு பெண் சங்கராவைத் தூக்கி இன்னொருத்தியிடம் காட்டினாள்.

"மண்ணோட இருக்கு பாருடி. இப்பதான் கரையேறியிருக்கு."

பிரேம்குமாருக்கு மண்டையில் யாரோ தட்டியதுபோல் இருந்தது. மணல்! அண்ணன் அலசி அனுப்பும் மீனை அவன் மறுபடி அலசி, துடைத்து, கண்ணாடிபோல் ஆக்கியல்லவா வைக்கிறான்! குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே பிழைப்பைக் கெடுத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அவசரக்காரன் யோசிப்பானா? பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் இரண்டு கை அள்ளிவந்து தூவினான். சாயங்காலம் வந்த தேவதாஸ் ஒரு வவ்வால் மீனைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"முசியே, இது கொத்தனார் வேலைக்குப் போயிட்டு வருதா? வயித்துல ஜல்லி ஒட்டிருக்கு."

அன்று ராத்திரியும் மீன் குழம்புதான்.

ஞாயிறு காலையில் பிரேம்குமார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பம் கரைக்கே போய்விட்டான்.

"அலசாதண்ணே! மண்ணுல பொரட்டிக் குடு!"

வெற்றிவேல் தம்பியை மேலும் கீழும் பார்த்தான். "ஒரு பொடி மண்ணு இருந்தா ஊரக் கூட்டுவியே. இப்ப என்னாடா ஆச்சு உனக்கு?"

"வியாபாரம்ணே. உனுக்குப் புரியாது."

அண்ணன் மாட்டேன் என்றதும், பிரேம்குமாரே மீன்களை ஒவ்வொன்றாக மணலில் போட்டு, பஜ்ஜிக்கு மாவில் புரட்டுவதுபோல் இரண்டு பக்கமும் புரட்டினான். போதாததற்கு ஒரு பை நிறைய மணலும் அள்ளிக்கொண்டான்.

கடையில் விளக்குகள் அணைந்தன. கரும்பலகை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பூந்தொட்டி உள்ளே போனது. வாசலில் சாக்கு, அதன்மேல் பழைய பேசின், பின்னால் மடித்துக் கட்டிய லுங்கியோடு பிரேம்குமார்.

தேவதாஸ் வந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். மீன்மேல் இருந்த மணலை விரலால் நெருடிப் பார்த்தார்.

"த்ரே பியேன்! பிரமாதம்! இது மீனு! நேத்து வரைக்கும் என்னாத்தப்பா வச்சிருந்த?"

நேற்றும் இதே படகு, இதே மீன்தான் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அதன்பிறகு நிமிர நேரமில்லை. "மண்ணோட இருக்கு, மண்ணோட இருக்கு" என்று ஒருவர் சொல்லி நாலு பேர் வந்தார்கள். பேசினில் மணல் குறையும்போதெல்லாம் ஹேமலதா யாரும் பார்க்காத நேரத்தில் கோலமாவுபோல் தூவினாள். மதியத்துக்குள் பேசின் ஏறக்குறைய காலி. அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அந்த நாற்காலிய வேற யாருக்காச்சும் குடுத்துடுண்ணே. அவுரு வரல."

பிரேம்குமாருக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிர்ச்சாரியைப் பார்த்ததும் மனசு சுருங்கிப் போனது. தையல்நாயகியின் பேசினில் முக்கால்வாசி மீன் அப்படியே கிடந்தது. பாவம், விடியலில் எழுந்து, கரையில் காத்து நின்று, மணலோடு அள்ளிவந்து உட்காருகிறாள். நாமோ பொய்க்கு மணலைத் தூவி அவள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தான். அவனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்நாயகி எழுந்து, சேலையை உதறி, ரோட்டைக் கடந்து வந்தாள்.

"வராங்க, வராங்க" என்று ஹேமலதா மணல் பையைக் காலால் கல்லா மேசைக்கடியில் தள்ளினாள்.

தையல்நாயகி பேசினில் கைவிட்டு மணலைக் கிளறிப் பார்த்தாள். பிறகு பிரேம்குமாரை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, மன்னிச்சிடுங்க. மீனு நெசமாவே இன்னிக்குக் காத்தால புடிச்சதுதான். மண்ணுதான் நானா தூவுனது. உங்களப் பாத்துதான்கா கத்துக்கிட்டேன். இனிமே செய்ய மாட்டேன்."

"அத வுடு. வஞ்சிரம் மிச்சம் இருக்கா? காலாப்பட்டுலேந்து எம் மாப்ள வந்திருக்காரு. நல்லதா ஒண்ணு எடு."

பிரேம்குமார் குழம்பிப்போய் எதிர்ச்சாரியைக் காட்டினான். "உங்ககிட்டயே அவ்ளோ இருக்கேக்கா?"

தையல்நாயகி அவன் காதருகே குனிந்தாள்.

"அதெல்லாம் ஐஸ் பொட்டியில லாரி ஏறி வந்தது தம்பி. மண்ணு மட்டுந்தான் நம்மூர்து."