அம்மியில் தேய்த்த சேடல்

"பெட்ரீசியா கல்யாணத்தில் என் கிதார்தான் வாசிக்கும். இது உறுதி!"

ஈப்போவில், எங்கள் சமையலறையில் நின்று இப்படி அறிவித்தேன். அப்போது என் மனைவி இருதயமேரி இருந்தாள். அறிவிப்பைக் கேட்க வீட்டில் ஆள் இருந்த காலம் அது.

பெட்ரீசியா அவள் தங்கை. தகப்பன் இல்லாத பெண். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை நான்தான் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டுமென்று அக்காளும் தங்கையும் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினார்கள். நான் அசையவில்லை. மணப்பெண் நடந்து வரும்போது பாட்டுக்குழுவில் கிதார் வாசிப்பது யார்? கோப்பெங்கிலிருந்து பெர்னார்ட் என்று ஒருவன் வருவான். என் கணக்கில் அவன் கைதட்டத்தான் லாயக்கு.

அந்த நேரம் பார்த்துக் கிதாரின் சேடல் உடைந்தது. தந்திகள் ஏறி உட்காரும் சின்ன வெள்ளைத் துண்டு அது. அதற்கு அடியில் மெல்லிய பட்டையாகப் பிக்கப் படுத்திருக்கும். தந்தியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான்.

"டவுன் கடையில கொடுத்துட்டு வாரேன்."

"கடைக்காரன் என்ன பெருசா கிழிச்சிருவான்? தோட்டத்துல ரப்பர் மெஷினையே பிரிச்சு மாட்டுன ஆளுலா நீங்க!"

என் சட்டைப் பொத்தான் தெறிக்காதது ஆச்சரியம்.

"எலும்புல செஞ்சா சத்தம் கணீர்னு இருக்கும். ஆனா எலும்புக்கு எங்க போறது?"

"சூப்பு வச்ச மாட்டெலும்பு இருக்கு. கழுவிக் காய வச்சிருக்கேன்."

இப்படி ஒரு மனைவி எவனுக்கு வாய்ப்பாள்! எலும்பை அறுத்தேன். அரத்தால் ராவினேன். மிச்சம் அடிப்பக்கம். அது மட்டமாக இருந்தால்தான் பிக்கப்பின் மேல் சரியாக உட்காரும்.

"மேரி, எதுல தேய்க்கலாம்?"

"அம்மி இருக்கே. நல்ல கல்லு."

மிளகாய் நெடியில் தும்மித் தும்மித் தேய்த்தேன். மாட்டினேன். ஒலிபெருக்கியில் போட்டேன். நடுவிலிருந்த நாலு தந்திகளும் புலிபோல் உறுமின. ஓரத்து இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

விடுவேனா? அமுக்கினால் பேசும் என்று தந்திகளை இன்னும் முறுக்கினேன். டக்! பிக்கப் பட்டை விரிசல் விட்டது. விடிந்தால் கல்யாணம்.

"அலாமாக்! மேரி, போச்சு!"

அவள் சேடலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது தொட்டில்போல் ஆடியது. அடிப்பக்கம் தொந்தி போட்டிருந்தது.

"அம்மி நடுவுல பள்ளம்லா. அதுல தேச்சா இப்படித்தான் வரும்."

"உனக்குத் தெரியுமா?"

"தினம் அரைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"எதுல தேய்க்கலாம்னு கேட்டீங்க, சொன்னேன். பள்ளமா இருக்கான்னு கேட்டீங்களா?"

"இப்ப யாரு வாசிக்கிறது?"

"பெர்னார்ட் வாசிப்பான். பாட்டெல்லாம் பழகிட்டானாம்."

"எப்பப் பழகினான்?"

"போயி முடிய வெட்டிட்டு வாங்க. நாளைக்கு எந்தங்கச்சி கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும்."

என்னிடம் ஓர் ஆயுதம் பாக்கியிருந்தது.

"நடக்கலாம். பொண்ணோட அப்பா இடத்துல நடக்கறதுக்கு எங்கிட்ட கோட்டு ஏது?"

இருதயமேரி அலமாரியைத் திறந்தாள். கறுப்புக் கோட்டு ஒன்று தொங்கியது. போட்டுப் பார்த்தேன். தோள், கை, தொப்பை எல்லாம் என் அளவு.

புத்தம்புதுக் கோட்டு. ஆனால் அலமாரியில் வெகுநாள் காத்திருந்த அந்துருண்டை வாசனை.