ஒரு சொட்டுப் பஞ்சாமிர்தமும் இரண்டு கம்பிகளும்

பொங்கோல்
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய உமா அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி மோகனப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் ஓரளவு நலம். உங்கள் நலம் அறிய ஆறு வாரமாக ஆவலாகத்தான் இருக்கிறேன். ஆனால் நீங்கள் என் போனை எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டீர்கள். 'உமாமகேஸ்வரி வெளியேறினார்' என்ற வரியைப் பினாங்கு மாமாவரை எல்லாரும் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று என்னைத்தான் கேட்கிறார்கள். தேக்காவில் உங்கள் தையல் கடைக்கே வந்தேன். நீங்கள் ரவிக்கைக்கு ஊக்கு வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். பத்து நிமிடம் உங்கள் முதுகிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை ரக்ஷனாவுக்கு ஒடிந்த கை எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டையும் பிரித்தாகிவிட்டது. ஆனால் அந்த வலது உள்ளங்கை முழுசாக மேலே திரும்ப மாட்டேன் என்கிறது. தண்ணீரை ஏந்துகிற மாதிரி கையை நீட்டச் சொன்னால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தினமும் இருபது தடவை திருப்பிப் பழக வேண்டுமாம், இல்லாவிட்டால் அப்படியே இறுகிப் போகலாமாம். இவள் ஒரு தடவைகூடச் செய்வதில்லை. "அத்தை வந்தாத்தான் திருப்புவேன்" என்கிறாள். வருகிற புதன்கிழமை டாக்டர் பார்க்கிறார். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும். நடந்ததை எல்லாம் நான் மறந்துவிட்டேன். எவ்வளவு சுத்தமாக மறந்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, நடந்ததை ஒன்று விடாமல் கீழே எழுதுகிறேன்.

அவள் விழுந்தது நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள விளையாட்டு இடத்தில், கம்பியில் தொங்கித் தாவும்போது. தரையில் மெத்தென்று ரப்பர் போட்டிருக்கிறார்கள், விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று என்னைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொண்டு போனவர் உங்கள் தம்பி. "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் பிரியா" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார், போனில் பந்து விளையாட்டை. முன்கையின் இரண்டு எலும்பும் ஒன்றாக ஒடிந்துவிட்டன. மயக்கம் கொடுத்து இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும் என்றார்கள். எட்டாம் நாள் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நழுவியிருக்கிறது. இடையில் அவள் கட்டோடு சோபாவிலிருந்து குதித்ததை நான் டாக்டரிடம் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்த டாக்டரைப் பார்த்தால் இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஓ நிலைத் தேர்வு எழுதிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். ஆனால் பொறுமைசாலி. கையைத் திருப்பும்போது இந்த இரண்டு எலும்பும் ஒன்றின்மேல் ஒன்று சுற்ற வேண்டுமாம், வளைந்து கூடிவிட்டால் சுற்றாதாம். ஆகவே மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் கீறல், முழங்கைப் பக்கம் ஒரு சின்னக் கீறல், ஒவ்வொரு எலும்புக்குள்ளும் ஒரு மெல்லிய டைட்டானியம் கம்பி. வளைந்து கொடுக்குமாம். சில மாதம் கழித்து எடுத்துவிடலாமாம். "இடியாப்பம் மாதிரி வளையுமா டாக்டர்?" என்று உங்கள் தம்பி ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைவிடக் கெட்டி என்றார். நான் சம்மதப் படிவத்தில் இருந்த ஆபத்துகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மூன்று தடவை படித்தேன். பட்டப்படிப்பு படித்து நான் கண்ட பலன் அதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் தரக்கூடாது என்று தாதி பரீதா தமிழிலேயே சொன்னார், ஆங்கிலத்திலும் சொன்னார், கட்டிலில் அட்டையும் மாட்டினார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில் இருந்த பிஸ்கட்டைக்கூட எடுத்து உங்கள் தம்பியின் சட்டைப்பையில் போட்டேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு கையெழுத்துக்காக என்னைக் கவுன்டருக்குக் கூப்பிட்டார்கள். ஏழு நிமிடம்தான் அண்ணி. திரும்பி வந்து பார்த்தால் நீங்கள் பழனிக்குப் போய்விட்டு விமானம் இறங்கிய கையோடு நிற்கிறீர்கள், பஞ்சாமிர்த டப்பா திறந்து கிடக்கிறது, நீங்கள் கைப்பையில் திருநீறு தேடுகிறீர்கள், என் மகளின் இடது உள்ளங்கை பிசுபிசு என்று மின்னுகிறது.

"என்ன அண்ணி குடுத்தீங்க?"

"ஒரு சொட்டுப் பிரசாதம்டி. முருகன் பாத்துக்குவான்."

"அம்மா, நான் சாப்பிடல" என்றாள் ரக்ஷனா.

"பொய் சொல்லாதே" என்றேன். கை பிசுபிசுக்கிறது, டப்பாவில் குழி விழுந்திருக்கிறது, இவள் சாப்பிடவில்லையாம். ஊசிக்குப் பயந்து குழந்தை பொய் சொல்கிறது என்று நானே ஓடிப்போய்ப் பரீதாவிடம் ஒப்புக்கொண்டேன். "ஒரு சொட்டுன்னுதான் எல்லாரும் சொல்வாங்கக்கா" என்றார் பரீதா. "மயக்கத்துல வயித்துல இருக்கிறது மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்லா. நான் சொல்லாம இருக்க முடியாது." மயக்க மருந்து டாக்டர் வந்தார், பஞ்சாமிர்தத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். வாழைப்பழம், நெய், தேன், வெல்லம், பேரீச்சை என்று நான் அழுதுகொண்டே சமையல் குறிப்பு சொன்னேன். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அப்போது நான் உங்களை என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பக்கத்துக் கட்டில் சீன அம்மா மொழி புரியாமலே தன் பையனின் காதைப் பொத்தியது நினைவிருக்கிறது. "இனிமே உன் வாசப்படி மிதிச்சா என் பேரு உமா இல்ல" என்று நீங்கள் டப்பாவை மூடிக்கொண்டு போனது நன்றாகவே நினைவிருக்கிறது. உங்கள் தம்பி அக்காவுக்காகவும் பேசவில்லை, மனைவிக்காகவும் பேசவில்லை, டிஷ்யூவால் வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பி வாங்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். கோப்பியும் இல்லை.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த ஒரு நாள் காத்திருப்பில் எனக்கு எத்தனை முடி நரைத்தது என்று சொல்லி உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன். (பதினொன்று.) அதற்குப் பிறகு வீட்டில் நடப்பது வேறு கதை. இடது கையால் எழுதப் பழகு, வீட்டுப்பாடம் சேர்ந்துபோச்சு என்றால், "இடது கையால எதுவும் செய்யக் கூடாதுன்னு சிராங்கூன் ரோடு கோயில்ல நீங்கதானே திட்டினீங்க" என்கிறாள். உங்கள் தம்பியோ வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து கெடுக்கிறார். கேட்டால் பாசம் என்கிறார். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ அந்தப் பாசத்தை. பயிற்சிக்கு வாடி என்றால் மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "நீங்க அத்தையைத் திட்டினீங்க" என்பாள். கை திரும்பவில்லை, முகம் நன்றாகத் திரும்புகிறது.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணி. யார் சரி யார் தப்பு என்று பார்க்கிற தெம்பு இல்லை. நீங்கள் பக்தியில் செய்துவிட்டீர்கள், வேண்டுமென்று செய்யவில்லை. முழு மனதோடு உங்களை மன்னித்துவிட்டேன். நீங்களும் நான் பேசியதை மறந்துவிட்டு, குழந்தையின் கைக்காக வந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் மாமா வேலாயுதம் அவர்களுக்கு என் வணக்கம். கடைக்குச் சகல வாடிக்கையும் பெருகட்டும். உங்கள் ஆசியை நாடும்,

மோகனப்பிரியா

பி.கு.: கடைசியில் ரக்ஷனாவையும் ஒரு வரி எழுதச் சொன்னேன், அத்தை பார்த்தால் இளகுவார் என்று. வலது கையால் எழுதியிருக்கிறாள். கோணலுக்குக் கை காரணமில்லை, முன்பும் இப்படித்தான்:

'அத்தை நான் பஞ்சாமிர்தம் சாப்பிடல. இடது கையில பிரசாதம் சாப்பிடக் கூடாது. அதனால அப்பாகிட்ட குடுத்தேன். அப்பா சாப்பிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாதேன்னு ஐஸ்கிரீம் வாங்கித் தர்றாங்க.'

உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கீழ சிந்திடக் கூடாதேன்னு..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. குழந்தை வயிறு காலியாகத்தான் இருந்திருக்கிறது. பத்து மணிக்கே முடித்திருக்கலாம். உண்மை சொன்னவளைப் பொய்க்காரி ஆக்கி, ஓடிப்போய் நிறுத்தியது நான்.

மேலே உங்களை மன்னித்ததாக எழுதியிருக்கும் இடங்களை எல்லாம் தயவுசெய்து நீங்களே அடித்துவிடுங்கள். திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்க அண்ணி. முதுகைக் காட்டிக்கொண்டாவது வாங்க. அந்த டப்பாவைக் கொண்டுவாங்க. நீங்கள் வைத்தால் வலது கையை எவ்வளவு வேண்டுமானாலும் திருப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். உள்ளங்கை இன்னும் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அதனால் கெட்டியாக இருக்கிற பக்கத்திலிருந்து எடுத்து வையுங்கள். ஒரு சொட்டு போதாது, இருபது தடவை வைக்க வேண்டும்.

உங்கள் தம்பி அன்று டப்பா கைக்கு எட்டாதபடி கீழே விளையாட்டு இடத்துக் கம்பிப் பக்கம் நிற்பார்.