மூடி இருக்கிறது

பச்சைப் பை வைத்திருந்த அம்மா கடை வாசலில் நின்றார். கண்ணாடிக் கதவில் தொங்கிய பலகையைப் படித்தார். "ச்சு" என்றார். பைக்குள் என்னவோ கணகணக்க, திரும்பி நடந்துவிட்டார்.

உள்ளே கல்லாவுக்குப் பின்னால் இருந்தவருக்கு முகம் தொங்கிப்போனது. கடை திறந்து இரண்டாவது நாள். வருகிறார்கள், படிக்கிறார்கள், போகிறார்கள். வெயிலுக்காகக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் அவருக்குத் தெரு தெரியும். தெருவுக்கு அவர் தெரியமாட்டார்.

அவர் வைத்திருப்பது மூடிக் கடை. பாத்திர மூடி, குக்கர் மூடி, பாட்டில் மூடி, பேனா மூடி. பாத்திரம் விற்க ஆயிரம் கடை இருக்கிறதே, தொலைந்த மூடிக்கு ஒன்றாவது உண்டா என்று குளித்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் தோன்றியது. ஈரம் துவட்டுவதற்குள் முடிவெடுத்துவிட்டார். பதினாறு வருடக் கிடங்கு வேலையை விட்டார். வீட்டு மூடிகளைக்கூட அலமாரி அழகுக்காகத் தூக்கி வந்துவிட்டதால், அவர் மனைவி பாலைத் தட்டு வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

பழைய மேனேஜர் மட்டும் சிரித்தார். "சனிக்கிழமை வரைக்கும் உங்க நாற்காலியை யாருக்கும் குடுக்க மாட்டேன். யோசிச்சுக்குங்க."

அந்த நாற்காலிக்குத் திரும்பவே கூடாது என்று அவர் இருந்தார்.

பலகை எழுதிய மச்சினனைக் கூப்பிட்டார்.

"என்ன மாப்ளே எழுதி வச்சிருக்கே?"

"நீங்க சொன்னதுதான் அத்தான். சுருக்கமா, 'மூடி இருக்கிறது'."

"அப்புறம் ஏன் யாரும் உள்ளே வரல?"

மச்சினன் தாடையைச் சொறிந்தான். "இன்னிக்கு இருக்கு, நாளைக்கு இருக்குமான்னு சந்தேகம் வந்திருக்கும். நாம உறுதி குடுக்கணும்."

உறுதி கொடுத்தான். புதன்கிழமை பலகை: 'எல்லா நாளும் மூடி இருக்கும்.'

அன்று பலன் தெரிந்தது. பலகைக்கு முன்னால் கூட்டம்! நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார்கள். பேர் பரவுகிறது என்று அவர் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கூரியரிலிருந்து போன் வந்தது.

"சார், உங்க பார்சலைத் திருப்பி அனுப்பிட்டோம்."

"ஏம்ப்பா? நான் கடையிலதானே இருந்தேன்!"

"போர்டைப் பார்த்துட்டுத்தான் சார் பையன் திரும்பி வந்துட்டான்."

ஒன்றும் புரியவில்லை. மச்சினனுக்குப் புரிந்தது. "நேரம் போடல அத்தான். அதான் குழப்பம்."

வியாழக்கிழமை பலகையில் நேரமும் ஏறியது: 'எல்லா நாளும் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மூடி இருக்கும்.' பகலில் ஈ காக்கை இல்லை. ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். பக்கத்துத் தையல்காரர் காலையில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பின்னால் ஒருவர், கையில் அளவெடுக்கும் நாடா.

"அட, உள்ளே ஆள் இருக்கீங்களா! எல்லா நாளும் மூடி இருக்கும்னு எழுதிட்டீங்களே, பாவம், தொழில் ஒத்து வரலைன்னு நினைச்சேன். வேற ஆளுக்குக் கடையைக் காட்டலாம்னு வந்தேன்."

"ஐயோ, மூடி இருக்கும்னா மூடி சார்! இந்த மூடி!" குக்கர் மூடியை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

கட்டடக்காரர் மூடியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூடிக் கடையா! தெரு முழுக்க நானே சொல்றேன், கவலைப்படாதீங்க."

அன்று வீட்டில் மனைவி சோற்றைப் பரிமாறிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பழைய வேலைக்கே போனாலும் யாரும் உங்களைக் குறைவா நினைக்க மாட்டாங்க."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார்.

சனிக்கிழமை கட்டடக்காரர் புண்ணியத்தில் மூன்று பேர் மொட்டைப் பாத்திரங்களோடு வந்தார்கள். அவர் பரபரவென்று எழுந்தார். வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள். "அடடா" என்று திரும்பிப் போனார்கள்.

ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தார். தன் தவறை விடியற்காலையிலேயே வந்து திருத்தியிருந்தான் மச்சினன்: 'கடை மூடி இல்லை.' மூடி தேடி வந்தவர்களுக்கு அது 'கடையில் மூடி இல்லை' என்றாகிவிட்டது.

போதும் என்று தோன்றியது. பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டார். மேனேஜர் நம்பரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, ஷட்டரைப் பாதி இழுத்தார்.

"ஏங்க, மூடி இருக்கா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூடி இருக்கும்மா."

"நாளைக்கு?"

"நாளைக்கு என்ன, இனிமே நிரந்தரமா மூடிதான்."

"அப்பாடா!" அந்த அம்மா பச்சைப் பையை நங்கென்று தரையில் இறக்கினார். "எங்க வீட்ல பதினொரு பாத்திரம் திறந்தே கிடக்கு."