எடைபோடும் அம்மாவின் பெயரை அழித்த விவரம்

மதிப்புக்குரிய ஆசிரியர் மேடம் செர்வா அவர்களுக்கு,

நம் பத்திரிகையின் குமாசி அலுவலகத்திலிருந்து க்வாக்யே அடொமாகோ எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழையும் நாங்களும் சுகம்.

இன்று காலை உறுதியான செய்தி: கொக்கோ எடை மோசடிக் கட்டுரைக்கான நம் கணினிக் களஞ்சியத்தில், எடைபோடும் அம்மாவின் குரல்பதிவுகள் இனி எந்தப் பழைய பதிப்பிலும் இல்லை. தகவல் தந்தவர் நம் கணினிப் பிரிவு ஜிஃபா. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கட்டுரை வரும்போது, வாசகர்கள் கணக்கைச் சரிபார்க்கட்டும் என்று களஞ்சியத்தையும் பொதுவில் திறக்கச் சொன்னீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் அட்டவணைகளோடு குரல்பதிவுகளையும் போட்டு வைத்திருந்தவன் நான். தராசைத் திருகுவதை நமக்குச் சொன்ன அந்த அம்மா இன்னும் அதே கொள்முதல் நிலையத்தில்தான் வேலை பார்க்கிறார். அவர் கணவர் மூட்டை கொண்டுபோய்ப் போடுவதும் அங்கேதான். திங்களன்று போன் செய்து, “அண்ணே, என் பேரு வெளிய வராதுல்ல?” என்றார். “வராதும்மா, என் கையாலயே அழிச்சுட்டேன்” என்றேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜிஃபா வாழைக்காய் வறுவலைக் கீழே வைத்துவிட்டாள்.

“அங்கிள், இன்னைக்கு இருக்கிறதுலேருந்துதான் நீங்க அழிச்சீங்க. நேத்து சேமிச்சது, போன மாசம் சேமிச்சது, எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. திறந்தா யாரு வேணும்னாலும் பின்னாடி போய்ப் பாக்கலாம்.”

“அப்ப நான் அழிச்சது?”

“அழிச்சீங்கங்கிறதும் பதிவாயிருக்கு.”

பழைய பதிப்புகள் அத்தனையிலிருந்தும் அந்த ஃபோல்டரை உருவ அவளுக்கு ஒரு கருவி உண்டு. ஃபோல்டர் பெயரைக் கேட்டாள். ‘மாமா சவ அடக்கம்’ என்றேன். யாரும் திறக்கக் கூடாதென்று அப்படிப் பெயர் வைத்திருந்தேன். நம்பும்படி இருக்கட்டும் என்று என் மாமாவின் இறுதிச்சடங்குச் சுவரொட்டியையும் அதிலேயே போட்டிருந்தேன். கருவியை ஓட்டினாள். பார்த்தால் பழைய பதிப்புகளில் அந்த அம்மா பேசிக்கொண்டேதான் இருக்கிறார். பெயர் மாற்றுவதற்கு முன் அந்த ஃபோல்டர் ‘பேட்டிகள்’ என்று இருந்ததாம். கருவிக்கு இரண்டு பெயரையும் சொல்ல வேண்டுமாம். “முன்னாடியே சொல்லக்கூடாதா அங்கிள்? நீங்க ஒளிச்சதை உங்களுக்கே தெரியாம ஒளிச்சிருக்கீங்க” என்றாள். மறுபடி ஓட்டினாள். குரல் போயிற்று. சுவரொட்டியும் போயிற்று; வேறு பிரதி இல்லை. எந்த மனைவி பெயர் மேலே, எந்தப் பிள்ளை பெயர் கீழே என்று குடும்பமே அடித்துக்கொண்டு முடிவு செய்த வரிசை அது, மேடம். “எடுத்து வெச்சுக்கங்கன்னு காலையிலயே சொன்னேனே” என்கிறாள். சொன்னது உண்மை. நான் அப்போது மக்காச்சோளக் கெங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுவரொட்டி எங்கே என்று எங்கள் குலத்தலைவர் போன் மேல் போன் போடுகிறார், நான் எடுக்கவே இல்லை.

அந்த அம்மாவுக்கு மட்டும் உடனே போன் செய்து, இனிக் கவலையில்லை என்று சொல்லிவிட்டேன். “தூங்கியே நாளாச்சுண்ணே” என்றார்.

தங்கள் கணவருக்கு என் அன்பு. கடவுள் தங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
க்வாக்யே அடொமாகோ

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஜிஃபா வந்தாள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். கருவி ஃபோல்டரை உருவினாலும் அந்த வரிகளைத் தொடாதாம். முதலில் என் கையால் அழித்த அன்று, ஓர் அட்டவணைத் தொகையையும் திருத்தி, நிருபர் பழக்க தோஷத்தில் யார், எங்கே, ஏன் என்று எதையும் விடாமல் அந்த வரியில் எழுதியிருக்கிறேன்: இன்ன ஊர்க் கொள்முதல் நிலையத்தில் எடைபோடும் இன்னாருடைய குரல்பதிவுகள், அவர் பாதுகாப்பு கருதி நீக்கப்பட்டன. முழுப்பெயர், மேடம். எழுத்துப்பிழைகூட இல்லை.

அவள் இப்போது அந்த வரியை மாற்றிக்கொண்டிருக்கிறாள். “என்னம்மா எழுதப் போறே?” என்றேன். “‘திருத்தம்’னு, அங்கிள். அவ்வளவுதான்.” வியாழன் மதியத்துக்குள் முடித்து, எல்லா வரிகளையும் படித்துப் பார்த்துவிடுவதாகச் சொல்கிறாள். அவளே தங்களுக்கு போன் செய்யும்வரை களஞ்சியத்தைத் திறக்க வேண்டாம். நான் செய்தால் நம்ப வேண்டாம்.