முழங்கால் அளவுக்காரர்

ஷர்மினி, வீரமுத்துவுக்கு ஐம்பது வெள்ளி கடன்பட்டிருந்தாள். அது எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்: முழங்கால் அளவுக்காரர்.

கையில் கருவி இருக்காது, காகிதம் இருக்காது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவார், முழங்கால் நனைந்தால் தண்ணீர் போதும் என்பார், நனையாவிட்டால் நாலடி தள்ளிப் பள்ளத்தில் நின்று நனைத்துக்கொண்டு வந்து, போதும் என்பார். நானும் நாலாம் வகுப்பைத் தாண்டாமல் மூன்று லோரி வாங்கியவன்தான். ஆனால் டீசலை முழங்காலால் அளந்ததில்லை!

நம் வீரமுத்துவுக்குக் காஹாங்கில் எட்டு ஏக்கர் மிளகாய். பக்கத்து ஆற்றை அவருடைய பம்பு ஓயாமல் உறிஞ்சும். மழையில்லாத மாதங்களில் மீன் பிழைக்க ஆற்றில் எவ்வளவு தண்ணீர் மிஞ்ச வேண்டும் என்று அளக்க ஸ்கூடாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் ஷர்மினி. அவள் எழுதுவதை வைத்துத்தான் பம்பு எத்தனை மணி நேரம் ஓடலாம் என்று முடிவாகும். மணி குறைந்தால் மிளகாய் வாடும்.

"என் முட்டியப் பாருமா, நனைஞ்சிருக்கு! மீனுக்கு சுவிமிங் பூலா கட்டணும்?"

"நீங்க நிக்கிறது பள்ளம், அங்கிள். முட்ட போட மீனு மேல ஏறிப் போகணும். அந்தக் கல்லு மேட்டுல கணுக்கால்கூட நனையாது."

"அலமாக்! நாப்பது வருசமா பாக்கிற ஆறு. நாளைக்குக் காலைல மீனு தாண்டும். தாண்டுனா நீ அம்பது வெள்ளி குடு. தாண்டலன்னா நான் தர்றேன்."

"சரி. ஆனா தாண்டுறப்ப எவ்வளோ தண்ணி ஓடுதோ, அதத்தான் மீனுக்கு வேணும்னு எழுதுவேன்."

"எழுதிக்க லா!"

இந்த இனம் பந்தயத்தில் தோற்குமா? விடியும்போதே போய்ப் பம்பை அணைத்தார் வீரமுத்து.

"பம்பு கெட்டுப்போச்சா?" என்றாள் மனைவி வெள்ளையம்மா.

"சும்மா இரு. அம்பது வெள்ளி வருது."

ஆறு மெல்ல ஏறியது. ஒன்பது மணிக்கு முதல் செபாராவ் மீன் கல்மேட்டை வழுக்கிக்கொண்டு தாண்டியது, பின்னாலேயே இரண்டு. வீரமுத்து கரையில் ஆடாத குறை. ஷர்மினி அளவுகோலை நட்டாள், விசிறி போல் சுழலும் கருவியை நீரில் வைத்தாள், பொறுமையாக எழுதினாள்.

"நேத்து பம்பு ஓடுறப்ப இந்தக் கல்லு மேட்டுல தண்ணி ஆறு சென்டிமீட்டர், ஒரு மீனும் வரல. இன்னிக்கு இருபது. பம்பு நின்னாத்தான் மீனு போகுது. நீங்களே காட்டிட்டீங்க அங்கிள், தேங்க்ஸ்."

வீரமுத்துவுக்கு முகம் மிளகாயானது. "அப்ப... என் பம்பு?"

"மீனு ஏறுற மாசத்துல பாதி நேரம்தான்."

சிரிக்கிறீர்களா? டாக்டர் எழுதிய மாத்திரையை 'நம்ம உடம்புக்கு அரை போதும்' என்று உடைத்தது யார்? டயரில் காற்றுப் போதுமா என்று காலால் உதைத்துப் பார்த்தது யார்? கொஞ்சம் குனிந்து உங்கள் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கலாம்.

"ஜெயிச்சிட்டீங்கல்ல, கைய நீட்டுங்க," என்றாள் கரைக்கு வந்திருந்த வெள்ளையம்மா.

வேறு வழியில்லாமல் வீரமுத்து உள்ளங்கையை விரித்தார். ஷர்மினி பத்து வெள்ளித் தாள்களாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டுச் சொல்லியபடி, ஐந்தையும் அதில் எண்ணி வைத்தாள்.