டேலியாவுக்குப் பல்வலி

"குதிர செத்துப்போச்சின்னா செத்துப்போச்சின்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் லீலாவதி.

கார்த்திகேசு கொட்டகை வாசலில் தவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே டேலியா நான்கு கால்களையும் நீட்டிக் கிடந்தது. பொழுது விடிந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு வருடம் வேலை செய்த அலுப்பு அவருக்கு.

"சொல்லலாம். குதிர இல்லாத தோட்டத்துக்குக் குதிரக்காரன் எதுக்குன்னு மொதலாளி டத்தோ கேப்பாரு. அப்புறம் குதிரக்காரன் இல்லாம இந்த வீடு எதுக்குன்னு கேப்பாரு."

வருகிற தை மாதம் மகள் சந்திரிகாவுக்குக் கல்யாணம். இந்த வீட்டு வாசலில்தான் பந்தல் என்று ரவாங் ஊர்ச் சம்பந்தியிடம் சொல்லி, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரைக்கு அந்தச் சலுகை இல்லை. குதிரை இருக்கும்வரை வேலை, வேலை இருக்கும்வரை வீடு.

அதிலும் டேலியா சாதாரணக் குதிரை அல்ல. பந்தயத்தில் அது ஓடியது கொஞ்சம், பெற்றதுதான் பெரிது. பதினொரு குட்டிகளில் ஒன்பது கோப்பை வாங்கின. அவை போட்ட குட்டிகள் ஈப்போவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஓடின. எந்தச் சனிக்கிழமை எந்தக் குதிரை முதலில் வந்தாலும், "அது நம்ம டேலியா பேரன்லா" என்று சொல்ல பத்தாங் பெர்ஜுந்தாய் காப்பிக்கடையில் ஓர் ஆள் இருந்தார். கார்த்திகேசுவுக்குச் சொந்தத் தங்கச்சி பிள்ளைகளின் பெயரே தடுமாறும். டேலியாவின் வம்சமோ நான்கு தலைமுறைக்குத் தலைகீழ்ப் பாடம். செரண்டாவிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்து அதன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு லாட்டரி நம்பர் எழுதப் போவார்கள். ஒருவருக்கும் விழுந்ததில்லை. அதற்காக யாரும் குதிரையைக் குறை சொன்னதுமில்லை.

ஏழு வருடத்துக்கு முன் பழைய குதிரைக்காரர் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனபோது, பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த கார்த்திகேசுவின் கையில் கயிற்றைக் கொடுத்து, "பசு மாதிரி, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் இருந்தது. தவிடு வைத்தால் முதலில் கையை நக்கிவிட்டுத்தான் வாளிக்குள் வாய் வைக்கும். ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. அன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை டத்தோ பாலகிருஷ்ணன் வருகிறார். சிங்கப்பூரில் டேலியாவின் பேரன் பெரிய கோப்பை வாங்கியிருந்தான். பாட்டிக்கு மாலை போட்டுப் பேப்பரில் படம் போட வேண்டுமாம்.

"வெள்ளிக்கிழம ஒரு நாளைக்கு ஒரு குதிர நின்னா போதும்தானே?" என்றாள் லீலாவதி. "பெர்ஜுந்தாய் தேங்காக்கார அப்பளசாமி அண்ணங்கிட்ட ஒண்ணு நிக்கிதே. இதே மாதிரி கருஞ்செவப்பு. அதுவும் கெழடு."

வேறு வழி தெரியவில்லை. டிராக்டர் ஓட்டும் செல்லனைக் கெஞ்சி, ஆட்கள் வேலைக்குப் போன நேரத்தில், கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி டேலியாவைப் புதைத்தார்கள். செல்லன் வாயில் வெற்றிலை இருக்கும்வரை ரகசியம் வெளியே வராது என்பதால், கார்த்திகேசு அவனுக்கு ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக் கொடுத்தார்.

மத்தியானம் அப்பளசாமியிடம் போய் நின்றார். அப்பளசாமி முன்பு குதிரை வண்டியில் தேங்காய் ஏற்றினவர். இப்போது லோரி வாங்கிவிட்டார். குதிரை சும்மா நின்றுகொண்டிருந்தது.

"ஒரு கல்யாணத்துல படம் எடுக்கணுமாம். நாலு நாளு இரவல் குடுங்கண்ணே."

யார் கல்யாணம், எங்கே கல்யாணம் என்று அப்பளசாமி கேட்கவில்லை. குதிரையைப் பார்த்தார், கார்த்திகேசுவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஓட்டிக்கிட்டுப் போங்க. திருப்பிக் கொண்டாற அவசரமில்ல. ஒண்ணு மட்டும். அதுக்குப் பின்னால போவாதீங்க."

"சரிண்ணே."

"முன்னாலயும் போவாதீங்க."

இதன் பொருள் வீடு வந்து சேர்வதற்குள் விளங்கிவிட்டது. வழியில் கார்த்திகேசுவின் சட்டைக் கை போயிற்று. சாயங்காலம் எட்டிப் பார்த்த செல்லனின் முழங்கையைக் கடித்தது. அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"டத்தோ மாலையோட கிட்ட வருவாரே," என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கார்த்திகேசு.

"தவிட்டுல ரெண்டு செரட்ட கள்ளு ஊத்திப் பாருங்க," என்றாள் லீலாவதி. "எங்கண்ணன் அதுலதான் அடங்குவாரு."

புதன்கிழமை காலை ஊற்றினார்கள். லீலாவதியின் அண்ணன் வேறு, குதிரை வேறு. கள்ளைக் குடித்த குதிரை கொட்டகைப் பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்து, கல்யாண வாசலில் கட்டுவதற்காக வளர்த்த இரண்டு வாழைகளையும் தின்று முடித்தது. பிறகு தொழிலாளர் லயத்துச் சாலையின் நடுவில் போய் நின்றுகொண்டது. ஆள் ஏற்றும் லோரி ஒரு மணி நேரம் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

சத்தம் கேட்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சேது வந்தார். நல்ல மனிதர். ஊரில் பாதித் தொல்லைகள் நல்ல மனிதர்களால்தான் வருகின்றன.

"டேலியாவுக்கு என்னா கார்த்திகேசு?"

"வயசாச்சில்லைங்க. புத்தி தடுமாறுது."

கிராணிக்கு மனம் கேட்கவில்லை. நேரே ஆபீசுக்குப் போய் டத்தோவுக்குப் போன் போட்டார். மத்தியானம் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"கவலப்படாத. டத்தோ துடிச்சிப் போயிட்டாரு. வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திருக்க முடியாதாம். நாளைக்குக் காலையிலயே வராரு."

கார்த்திகேசுவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

வியாழக்கிழமை காலை டத்தோவின் கார் வந்து நின்றது. டிரைவர் பெர்னாட் கதவைத் திறக்க, வெள்ளைக் கோட்டும் கையில் மாலையுமாக டத்தோ இறங்கினார். பின்னாலேயே பேப்பர் படக்காரர். கொட்டகை வாசலில் குதிரை நின்றது. தாடையைச் சுற்றி லீலாவதியின் பழைய சேலைத் துண்டு, உச்சந்தலையில் முடிச்சு.

"என்னா இது?" என்றார் டத்தோ.

"பல்வலி டத்தோ."

"இந்த வயசுல பல்லு இருக்கா?"

"இருக்கு டத்தோ," என்றார் கார்த்திகேசு, மிகுந்த துக்கத்தோடு.

"கட்ட அவுத்துடு."

"காத்து பட்டா வலி கூடிடும் டத்தோ."

"முண்டாசு கட்டுன குதிரயவா பேப்பர்ல போடுவாங்க? பெர்னாட், நீ அவுத்துடு."

பெர்னாட் அவிழ்த்துவிட்டு எட்டி நின்றுகொண்டான். டத்தோ கண் கலங்க மாலையை உயர்த்தினார். குதிரை அவரை மேலும் கீழும் பார்த்தது. முதலில் மாலையில் பாதியைத் தின்றது. அடுத்து டத்தோவின் இடது தோளைக் கடித்தது. கோட்டு கிழிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. படக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார்.

கார்த்திகேசு கண்களை மூடிக்கொண்டார். சட்டி பானையெல்லாம் லோரியில் ஏறுவதும், ரவாங் சம்பந்தி பந்தலைத் தேடி வந்து பூட்டிய வீட்டைப் பார்ப்பதும் வரிசையாகத் தெரிந்தன. டத்தோவின் காலில் விழுந்துவிடலாம் என்று முடிவெடுத்துக் கண்களைத் திறந்தார்.

டத்தோ அழுதுகொண்டிருந்தார்.

"பாத்தியா பெர்னாட்? அறுபத்தொம்போதுல இதே தோளத்தான் கடிச்சா." கிழிந்த கோட்டைத் தடவிக்கொண்டார். "எட்டு வருசமா வந்து வந்து நிக்கிறேன். மாடு மாதிரி கைய நக்கிக்கிட்டு நிக்கும். வயசாயி என்னய மறந்துட்டான்னு நெனச்சி, பேசாம காருல ஏறிப் போயிடுவேன். அவ மறக்கல."

ஒரு மனிதர் நம்புவதென்று முடிவு கட்டிவிட்டால், தேங்காய் வண்டிக் குதிரையும் கோப்பைகளின் பாட்டியாகிவிடும். கார்த்திகேசுவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. டத்தோவைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"கார்த்திகேசு, ஒன்னோட கவனிப்புத்தான் இது. இந்த வீடு நீ இருக்கிற வரைக்கும் ஒனக்குத்தான். எழுதிக் குடுக்கச் சொல்றேன். இனிமே நான் மாசா மாசம் வந்து இவளப் பாப்பேன்."

முதல் பாதி காதில் தேனாய்ப் பாய்ந்தது. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். இரவல் குதிரையை இனி எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மறுநாள் மறுபடியும் பெர்ஜுந்தாய்க்குப் பஸ் ஏறினார். நான்கு நாளில் பத்து வயது கூடியிருந்தது. பொய் சொல்லவும் தெம்பு இல்லை. அப்பளசாமி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வேலம்மா உரித்த காய்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். செத்தது, புதைத்தது, கள்ளு, பல்வலி, டத்தோவின் தோள் என்று ஒன்றுவிடாமல் கார்த்திகேசு கொட்டித் தீர்த்தார்.

"அந்தக் குதிரைய எனக்கே குடுத்துடுங்கண்ணே. என்னா வெல சொன்னாலும் சரி. கொஞ்சங்கொஞ்சமா கட்டிடுறேன்."

அப்பளசாமி நிமிரவில்லை. கையிலிருந்த தேங்காயை உரித்து முடித்த பிறகும் அதையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே பேச மாட்டேங்கிறீங்க?"

வேலம்மா சாக்கைக் கீழே வைத்தாள்.

"அவரு எப்படிண்ணே பேசுவாரு? எட்டு வருசத்துக்கு முன்னாடியே டேலியா கடிக்கிதுன்னு ஒங்க பழைய குதிரக்காரரு அத இங்க கட்டிட்டு, எங்க வண்டிக் குதிரைய ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க அழுது பொதச்சிட்டு வந்தது எங்க குதிரைய."