தாழ்மையில் முதலிடம்

வாசகரே, தாழ்மைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சபைகளில் தாராளமாகக் காணலாம். கூட்டத்தில் கடைசி நாற்காலியில்தான் உட்காருவார். ஆனால் அவர் அங்கே உட்கார்ந்திருப்பது முன்வரிசை முழுவதற்கும் தெரிந்திருக்கும். "நான் ஒண்ணுமே இல்லைங்க" என்பார். நீங்கள் அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது.

நம் தலைவி அந்த இனத்தில் முற்றிய சரக்கு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டு முன்னறையில் கூடும் பெண்கள் ஜெபக்குழுவை ஏழு வருடமாக நடத்துகிறார். தலைவி என்று யாராவது அழைத்தால் கூசிப்போவார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, நான் வெறும் எடுபிடி." ஒருமுறை சபை மலரில் அதை உண்மையென்று நம்பி, அவர் பெயருக்கு எதிரே 'உதவியாளர்' என்று அச்சடித்துவிட்டார்கள். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்துக்கு முன் மடக்கு நாற்காலிகளை அவரே விரிப்பார், கால் ஆடும் நாற்காலியைத் தேடி எடுத்துத் தனக்கென்று போட்டுக்கொள்வார், எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு ஆறிப்போனதை எடுத்துக்கொள்வார், ஆறிப்போனது என்று அறிவித்துவிட்டுத்தான் குடிப்பார், கூட்டம் முடிந்ததும் பதினெட்டுக் கோப்பைகளையும் அடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். உதவிக்கு வருகிறவரை முழங்கையால் அன்பாகத் தள்ளிவிடுவார். கோப்பை கழுவுவது அவருடைய சிலுவை. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

இந்தக் குழுவுக்குப் புதிதாக வந்தவர் ஒரு தையல்காரம்மா. தனி ஆள். பள்ளிச் சீருடை தைப்பவர். பகலெல்லாம் இயந்திரத்தின் மேல் குனிந்தபடியே வாடிக்கையாளரிடம் பேசிப் பழகியவருக்கு, கை வேலையாக இருந்தால்தான் வாய் திறக்கும். வட்டமாக உட்காரவைத்து, "எதுக்காக ஜெபிக்கணும், உங்க ஜெபக்குறிப்பைச் சொல்லுங்க சிஸ்டர்" என்று பதினேழு பேர் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வார்? "ஒண்ணுமில்லைங்க" என்றார். கோப்பைகள் உள்ளே போனதும், துடைக்கும் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"அக்கா, நீங்க கழுவிக் குடுங்க, நான் துடைக்கிறேன்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்மா. நீங்க போய் உட்காருங்க."

"இல்லக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"எதுவானாலும் குழுவில சொல்லுங்க, எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். துண்டைக் குடுங்க முதல்ல!"

மூன்று வெள்ளிக்கிழமை இதே நாடகம். மூன்று முறையும் துண்டு பறிமுதல். நாலாவது வெள்ளி தையல்காரம்மா வரவில்லை. நம் தலைவி கண்ணை மூடி, "வராமற்போன சகோதரியின் இருதயத்தை உணர்த்தும், ஆண்டவரே" என்று உருக்கமாக வேண்டிக்கொண்டார்.

மறுநாள் மாலை நாத்தனார் வந்தார். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பேச்சிலும் ஊசி இருக்கும்.

"அண்ணி, உங்க தையல் சிஸ்டர் மூணாவது மாடியில படுத்திருக்காங்க. நாளைக்குக் காலையில வயித்துல ஆபரேஷன். கூட ஒரு ஆள் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'ஒரு அக்காவைத் துணைக்குக் கூப்பிடணும்னு இருந்தேன், பாவம், அவங்களுக்குக் கழுவுற வேலை நிறைய'ன்னாங்க."

தலைவியின் காது சூடாகியது. "ஆண்டவரே சீஷர்களோட காலைக் கழுவலையா? நான் அந்த மாதிரி..."

"கழுவினாரு. ஒரு பொம்பளை வந்து அவர் காலைக் கழுவினப்போ, 'வேண்டாம்மா, போய் உட்காரு'ன்னா சொன்னாரு?"

ஏழு வருட வேதபாடக் குறிப்பேடு அலமாரியில் இருந்தது. முக்கியமான இடங்களில் இரண்டு நிறத்தில் கோடு. இதற்குப் பதில் எந்த நிறத்திலும் இல்லை.

ஞாயிறு காலை ஆராதனையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினார். தையல்காரம்மா பச்சை அங்கியில், கையில் ஊசியின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியோடு படுத்திருந்தார். தலைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்: "நான் பாவிம்மா. என்னைப்போலக் கல்நெஞ்சுக்காரி இந்த உலகத்துலயே கிடையாது..." மன்னிப்புக் கேட்பதிலும் இந்த இனம் முதல் பரிசை விட்டுக்கொடுக்காது. குரல் ஏறியது, கண்ணீர் பெருகியது. நோயாளி எழுந்து உட்கார்ந்து, கால்களை ஒதுக்கி அவருக்கு இடம்விட்டு, முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழாதீங்கக்கா. பக்கத்துக் கட்டில்காரங்க எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயப்படுறாங்க."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்க்கா. இப்ப பேசாம என் கையைப் பிடிச்சுக்கோங்க. எனக்குப் பயமா இருக்கு."

தலைவி கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்தியே தடித்துப்போன விரல்நுனிகள். சில்லென்றிருந்தன. கட்டில் சக்கரம் உருண்டபோதும் விடாமல், அறுவை அறையின் கதவுவரை கூடவே நடந்தார். வழியில் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை.

அத்தோடு திருந்திவிட்டார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கதவு மூடிக் கால்மணி ஆகவில்லை, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி, 'ஆண்டவர் என்னை நொறுக்கின விதம்' என்று அடுத்த வெள்ளி குழுவில் எழுந்து சொல்லவேண்டிய சாட்சியை மனதுக்குள் தயாரிக்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரத்தில் கேட்பவர்கள் கண்ணைத் துடைக்கும் கட்டம்வரை வந்துவிட்டது. அப்போதுதான் நர்ஸ் எட்டிப்பார்த்து, "நல்லா இருக்காங்க. அக்கா எங்கேன்னு கேக்குறாங்க" என்றார்.

அந்தச் சாட்சியை அவர் வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டதை மட்டும் இரண்டே பேரிடம் சொன்னார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு, 'ஐயோ, நானும் இப்படித்தான், என்னைவிட மோசம் யாருமே இல்லை' என்று நாலு பேர் காதில் விழச் சொல்லவேண்டும்போல இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அந்த இடத்துக்கு நான் முன்பே துண்டு போட்டாயிற்று. நீங்கள் எனக்குப் பின்னால்தான்.